இரண்டாவது பொட்டலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. அதை மறைத்துவிட்டு, ஏதோ என் மனசிலேயே முளைத்தது போல ஆரம்பிக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறோம். இந்தத் தடவை எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முனை மருந்துக்கடையில்தான் எனக்கு ஃபோன் வரும். போன மாதம், அதாவது 1979 ஜூலையில், சென்னை வார இதழ் ஒன்றிலிருந்து துணையாசிரியர் கூப்பிட்டார். "ஆசிரியர் தின மலர் போடறோம்மா. ஒரு நல்ல டீச்சரைப் பத்தி எழுதிக் குடுங்க. படிச்சு முடிச்சா கண்ணுல தண்ணி வரணும். ஆனா சந்தோஷத் தண்ணியா வரணும்" என்றார். நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். சாயங்காலத்தில் கதை எழுதுகிறவள். சந்தோஷத் தண்ணிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே ஃபோனை வைத்தேன்.

பக்கத்தில் இருமல் மருந்துக்காக நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அர்ஜுனன். அடுத்த தெருக்காரர், என் அண்ணனோடு படித்தவர். அரசாங்கத்தின் தொழுநோய்த் தடுப்புப் பிரிவில் வேலை. ஊர் ஊராகப் போய் உடம்பைப் பரிசோதித்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவார்.

"நல்ல டீச்சரா வேணும்மா? எனக்கு ஒரு டீச்சரைத் தெரியும். ஆனா நல்லவங்களா இல்லியான்னு எட்டு வருஷமா யோசிச்சிக்கினே இருக்கேன். நீங்க எழுதறவங்க, நீங்க சொல்லுங்க" என்றார்.

மருந்தை வாங்கிக்கொண்டு என்னோடு தெருவில் நடந்தபடியே சொன்னார். எங்கள் வீட்டு வாசல் வந்தும் கதை முடியவில்லை. இன்னும் முடியவில்லை என்பதுதான் என் கவலை.

(பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தென்னேரி ஏரிக்கு அந்தண்டை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வியாதியின் பெயரையும் மாற்றிப் பார்த்தேன். காசநோய் என்று எழுதினேன். கதை படுத்துவிட்டது. ஆகவே அது தொழுநோய்தான். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பெருவியாதி என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.)

2

முதல் ஆரம்பம்:

"கனகமாலா டீச்சர் சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்

கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எழுத வந்தேன். கை என்றதும் பேனா நின்றுவிட்டது. இந்தக் கதையில் யார் யாருடைய கையைப் பிடிக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். இவ்வளவு சீக்கிரம் செலவழிக்கக் கூடாது.

இரண்டாவது ஆரம்பம்:

"செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த வருஷங்களில் தொழுநோய் ஒழிப்புப் பணி மிகத் தீவிரமாக

இது எங்கள் ஆபீசில் டைப் அடிக்கிற நடை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆரம்பத்தை வைத்துக்கொள்கிறேன். 1971. பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளி. ஓட்டுக் கூரை போட்ட ஒரே நீள அறை, பின்னால் சமையல் கொட்டகை. ஹெட்மாஸ்டர் நீண்ட விடுப்பில் இருந்ததால் கனகமாலா டீச்சர்தான் எல்லாம். முப்பது வயசுக்குள். ஜைனக் குடும்பம், நயினார் வீட்டுப் பெண். புருஷன் சக்கரவர்த்திக்கு வாலாஜாபாத்தில் அரிசி மண்டி. மூன்று வயசில் சுகுமாரி என்று ஒரு மகள். பஞ்சாயத்துத் தலைவர் அபிநந்தன், சக்கரவர்த்தியின் பெரியப்பா. டீச்சர் சொன்னால் ஊர் கேட்கும். கேட்டதற்கு அவர் கெட்டிக்காரத்தனம் பாதி, பெரியப்பா மாமனார் பாதி.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலை அர்ஜுனன் போகிறார்.

3

பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்தார் அர்ஜுனன். பெண் பிள்ளைகளை அவர் பார்க்க முடியாது. அது முறையும் இல்லை, ஊரும் விடாது. அதனால் எப்படிப் பார்ப்பது என்று டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"தேமல் மாதிரி வெளிறி இருக்கும்மா. சில பேருக்குச் செவப்பா இருக்கும். பார்த்தா மட்டும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு, பஞ்சு நுனியால அங்க லேசா தொடணும். எங்க தொட்டேன்னு விரலால காட்டச் சொல்லுங்க. தேமலா இருந்தா காட்டிடும். இதுவா இருந்தா தெரியாது. நீங்க தொட்டதே தெரியாது."

சமையல் கொட்டகையில் பழைய புடவையைக் குறுக்கே கட்டி, கனகமாலா ஒவ்வொரு பெண்ணாக உள்ளே கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்து, "இங்க டீச்சர், இங்க டீச்சர்" என்று காட்டினார்கள்.

வடிவாம்பாள் காட்டவில்லை. பத்து வயசு. காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குக் கூலிக்குத் தறி நெய்கிற கண்ணாயிரத்தின் மகள். தோள்பட்டைக்குக் கீழே எட்டணா அகலத்துக்கு ஒரு வெளிறல். டீச்சர் மூன்று தடவை தொட்டார்.

"எங்க தொட்டேன், வடிவு?"

"இன்னும் தொடலியே டீச்சர்?"

இதுவரை அர்ஜுனன் சொன்னது. அடுத்தது அவர் சொன்னதல்ல, சொல்லவும் முடியாது. ஆனால் அது நடந்தே இருக்க வேண்டும். நடக்காவிட்டால் பின்னால் வருவது எதுவும் வராது. ஆகவே நான் எழுதுகிறேன்:

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வழக்கம்போல் சாப்பாட்டை முடித்துவிட்டு (அந்த வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை), கனகமாலா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இடது கையில், ரவிக்கைக் கைக்குள் மறைகிற இடத்தில், ஒரு தேமல். ஒரு வருஷமாக இருந்தது. பூவரசங்காயைக் கூட உரசிப் பார்த்திருந்தாள். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் கிள்ளி நுனியைத் திரித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தானே தொட்டுத் தானே கண்டுபிடிப்பது முடியாத காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. கை போகிற இடம் மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. சுகுமாரியைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அம்மா கண்ண மூடிக்கிறேன். இத வச்சி அம்மா கையில எங்கியாவது தொடு. அம்மா கண்டுபுடிக்கிறேனா பாரு."

குழந்தை முழங்கையில் தொட்டது. கண்டுபிடித்தாள். மணிக்கட்டில். கண்டுபிடித்தாள். பிறகு ரொம்ப நேரம் எதுவுமே இல்லை.

"தொடுடா கண்ணு."

"தொட்டுக்கினேதாம்மா இருக்கேன்."

(இந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். என் கையையும் பார்த்துக்கொண்டேன். நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.)

4

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வடிவு விஷயம் மட்டும்.

பெற்றவர்கள் பள்ளிக்கூடத்து வாசலில் கூடினார்கள். அபிநந்தன் வந்தார். அர்ஜுனன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார்: இது ஆரம்பம், இந்த மாதிரித் தேமல் அடுத்தவருக்கு ஒட்டாது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்க" என்றார்கள். "ஆனா எங்க பசங்க பக்கத்துல வோணாங்க."

அப்போது கனகமாலா டீச்சர் முன்னால் வந்து பேசினார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தக் கூடாது. வேண்டுமானால் வாசலோரம் தனியாக உட்காரட்டும். தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் என் வீட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறேன். வியாழக்கிழமைதோறும் வாலாஜாபாத் ரோட்டுப் புளியமரத்தடியில் அர்ஜுனன் சார் மாத்திரை கொடுக்கிறார். அங்கே நானே கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன்.

கண்ணாயிரம் அழுதுவிட்டார். "டீச்சரம்மா, நீங்க தெய்வம்மா" என்றார். அபிநந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு" என்று நாலு பேரிடம் சொன்னார்.

துணையாசிரியருக்கு வேண்டிய கதை இதுதான். இங்கேயே நிறுத்தினால் மலருக்குப் போய்விடும், படம் போட்டு அச்சடிப்பார்கள்.

ஆனால் அர்ஜுனன் அன்று தெருவில் சொன்ன வாக்கியம் இது: "முதல் வியாழக்கெழம மரத்தடிக்கு வந்தாங்கம்மா. அந்தப் பொண்ணைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, என்கிட்ட கைய நீட்டினாங்க."

5

இப்போது எனக்கு இந்தப் பெண்மணி மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகப்படுவது பெரிய தொல்லை. அவள் எதைச் செய்தாலும் இரண்டாகத் தெரிகிறது.

பள்ளிக்கூட டீச்சர் தனியாக மரத்தடிக்குப் போனால் ஊர் என்ன ஏது என்று கேட்கும். வியாதிக்காரப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் கும்பிடும். அப்படியானால் அவள் வடிவைக் காப்பாற்றியது தன்னை மறைத்துக்கொள்ளவா?

"கனகமாலா ஒரு கோழை

அடித்துவிட்டேன். ஊர் முன்னால் வாயைத் திறந்தது அவள் ஒருத்திதானே.

"கனகமாலா ஒரு தைரியசாலி

அதையும் அடித்துவிட்டேன். அந்தத் தனி டம்ளர் தொண்டையில் நிற்கிறது. வாசலோரம் உட்கார்ந்து வடிவு அந்த டம்ளரில் குடிக்க, டீச்சர் பொதுப் பானையிலிருந்து மொண்டு குடித்தார். டீச்சருடையதும் ஒட்டாத வகைதான் என்று அர்ஜுனன் சொல்லியிருந்தார். அப்படியானால் வடிவுக்கு மட்டும் எதற்கு டம்ளர்?

நியாயமாகச் சொன்னால், அவள் என்னதான் செய்திருக்க முடியும்? வேலை போகும். விவாகரத்துக்கு இந்த வியாதி ஒரு காரணமாகச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. குழந்தையை அவளிடமிருந்து பிரித்து மாமியாரிடம் கொடுத்துவிடுவார்கள். சக்கரவர்த்தி எப்படிப்பட்ட மனுஷன் என்று அவளுக்கே தெரியாது. நல்லவர்தான். ஆனால் நல்லவர்களை இந்த மாதிரி விஷயத்தில் யாரும் பரீட்சை வைத்துப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமைகள் நடந்தன. பள்ளி விட்டதும் இரண்டு பேரும் ஏரிக்கரையோடு நடந்து ரோட்டுக்குப் போவார்கள். அர்ஜுனன் இரண்டு காகிதப் பொட்டலம் மடித்துத் தருவார். ஒன்று வடிவின் துணிப்பைக்குள் போகும். ஒன்று டீச்சரின் இடுப்பில் செருகிய கைக்குட்டைக்குள் போகும். கொஞ்ச நாள் வடிவு ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் திரும்பும் வழியில் கேட்டாள். (இதை எனக்கு வடிவே சொன்னாள். எப்போது என்று பிறகு சொல்கிறேன்.)

"டீச்சர், உங்களுக்கும் மாத்திரையா?"

"ஆமா."

"எதுக்கு டீச்சர்?"

"தலவலிக்கு."

வடிவு தன் துணிப்பையைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கும் தலவலின்னே சொல்லிடலாமா டீச்சர்?"

டீச்சர் பிடித்திருந்த கையை ரொம்ப இறுக்கமாகப் பிடித்தாராம். வலித்ததாம்.

6

ஆறு மாதம் ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை, மாத்திரை வாங்கிக்கொண்டு மரத்தடியிலிருந்து புறப்படுகிற நேரத்தில், ரோட்டில் சக்கரவர்த்தி சைக்கிளில் வந்தார். மண்டியைச் சீக்கிரம் மூடியிருக்கிறார், அவ்வளவுதான். பெண்டாட்டியைப் பார்த்ததும் சந்தோஷமாக மணி அடித்தார்.

கனகமாலாவின் கையில் பொட்டலம் இருந்தது, இன்னும் கைக்குட்டைக்குள் போகவில்லை. புருஷன் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் அதை வடிவின் பைக்குள் திணித்தாள்.

"ஏறிக்க, வீட்டுக்குத்தானே" என்றார் சக்கரவர்த்தி. வடிவைப் பார்த்து, "நீ போயிடுவியா பாப்பா?" என்றார்.

"போயிடுவேங்க."

டீச்சர் பின்னால் உட்கார்ந்து போனார். திரும்பிப் பார்த்தாரா என்று வடிவிடம் கேட்டேன். "பார்த்தாங்க. ரோடு திரும்பற வரைக்கும் பார்த்துக்கினே போனாங்க" என்றாள்.

வீட்டில் வடிவின் அம்மா மணியம்மாள் பையைத் தூக்கிக் கொட்டினாள். இரண்டு பொட்டலம்.

"என்னாடி இது, ரெண்டு?"

வடிவு வாயைத் திறக்கவில்லை. மணியம்மாள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கேட்டாள். பக்கத்து வீட்டுக்கும் இரண்டு பையன்கள் பள்ளிக்கூடத்தில். மறுநாள் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: கண்ணாயிரம் பொண்ணுக்கு மாத்திரை ரெட்டிப்பாயிடுச்சாம். வியாதி முத்திப்போச்சாம்.

7

மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை அறைக்குள்ளேயே. பெற்றவர்கள் பிள்ளைகளின் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அபிநந்தன் டீச்சரின் நாற்காலியில். டீச்சர் கரும்பலகைக்குப் பக்கத்தில். வடிவு நடுவில். அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம். அர்ஜுனனுக்கு அன்று வேறு ஊரில் வேலை. ஆள் அனுப்பியிருந்தார்கள், வந்து சேரவில்லை.

"ஒட்டாது, ஒட்டாதுன்னு சொன்னீங்க. ஒண்ணு ரெண்டா ஆயிருக்குது" என்றார் ஒருவர். "நாளைக்கு மூணாவும்."

"டாக்டருக்கே கணக்குத் தெரியாம இருக்கலாம்பா" என்றார் கண்ணாயிரம். குரலே எழும்பவில்லை.

"எங்க பசங்களுக்கு வந்துதுன்னா யாருபா கேக்கறது?"

அபிநந்தன் கையை உயர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. கத்தாதவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டதும், தாய்சேய் நல விடுதிக்கு நிலம் கொடுத்ததும் அவர்தான்.

"பொண்ணையே கேட்டுடுவோம். வடிவு, பயப்படாத. அந்த ரெண்டாவது பொட்டலம் யாருதும்மா?"

வடிவு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"என்துதாங்க."

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு?"

"ஜாஸ்தியாயிடுச்சிங்க. சார்தான் சொன்னாரு, ரெண்டு சாப்புடணும்னு."

மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடி?" கண்ணாயிரம் சுவரில் சாய்ந்துவிட்டார். பலகைகள் நகர்ந்தன. எல்லாரும் கொஞ்சம் பின்னால் போனார்கள், அறையில் பின்னால் போக இடமே இல்லாதபோதும்.

அபிநந்தன் பெருமூச்சு விட்டார். "அப்ப பிள்ளைய நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா கனகா, நீதான் இத்தனை நாள் கூட்டிக்கினு போனவ. உனக்குத் தெரியாததா? நீ என்னா சொல்றியோ அதான் முடிவு."

8

அங்கேதான் என் பேனா நிற்கிறது. மூன்று வாரமாக நிற்கிறது. நான் எழுதிப் பார்த்த முடிவுகளைக் கிழிக்காமல் கீழே வைக்கிறேன்.

முதல் முடிவு. கனகமாலா நிமிர்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். "அது என்னுது மாமா. அவ எனக்காகப் பொய் சொல்றா" என்றாள். அறையில் ஊசி விழுந்தாலும்

இது நன்றாக இருக்கிறது. சந்தோஷத் தண்ணி வரும். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு அவள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். அவள் போய்ச் சக்கரவர்த்தி முன்னால் நிற்க வேண்டும், சுகுமாரி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது என்ன செய்வது என்று தெரியாமல். அந்த வீட்டுக்குள் அவளை அனுப்ப எனக்கு என்ன உரிமை?

இரண்டாவது முடிவு. "பெரியவங்க முடிவு பண்ணுங்க மாமா" என்றாள் கனகமாலா. வடிவு பையை எடுத்துக்கொண்டு வெளியே

இதை எழுதிவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்துவைத்தேன். நடந்திருக்கக்கூடியது என்பதாலேயே கவிழ்த்துவைத்தேன். தினமும் எங்கேயோ நடக்கிறது. நடக்கிறதையெல்லாம் எழுதிவிட்டால் போதுமா?

மூன்றாவது முடிவு. அவள் பேசினாள். ஆனால் தன்னைப் பற்றிப் பேசவில்லை. "அர்ஜுனன் சார் பொட்டலத்தைத் தப்பா ரெண்டா மடிச்சிட்டாரு. பொண்ணு பயத்துல உளறுது" என்றாள். எல்லாருக்கும் நிம்மதி. வடிவும் தப்பித்தாள், டீச்சரும்

இது சாமர்த்தியம். டீச்சரின் சாமர்த்தியமா, என்னுடையதா என்றுதான் தெரியவில்லை. யாருக்கும் நோகாத முடிவு கிடைத்ததும் எழுதுகிறவர்களுக்கு ஒரு குஷி வரும். எனக்கு வந்தது. அதனாலேயே நம்பவில்லை.

9

சரி, கேட்டுவிடலாமே என்று கிளம்பினேன்.

கூட்டத்தன்று அர்ஜுனன் இருட்டிய பிறகுதான் ஊருக்கு வந்திருக்கிறார். எல்லாரும் கலைந்துவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். டீச்சர் அழுதார் என்று ஒருவர். இல்லை, பொண்ணுதான் அழுதது என்று இன்னொருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்னேரிப் பக்கம் பஸ் ஏறினேன். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற பொன்னியம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார். "கூட்டம் நடக்கறப்ப நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன். தலைவரு டீச்சரைக் கேட்டாரு. அந்த நேரம் பார்த்து உப்புமா அடிபுடிக்கிற வாசன வந்துச்சி. ஓடிட்டேன்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சாயங்காலம் யாருக்கு உப்புமா என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. மதியச் சாப்பாடு மதியமே முடிந்திருக்குமே. அவரும் எதையோ பார்க்காமல் இருக்க ஓடியிருக்கிறார்.

அபிநந்தன் காபி கொடுத்தார். "அதெல்லாம் முடிஞ்ச விஷயம்மா. ஊருக்கு ரோடு வந்துது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

சந்தேகமில்லாமல் தெரிந்தது இவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் வடிவும் இல்லை, டீச்சரும் இல்லை. வடிவைச் சின்ன காஞ்சிபுரத்தில் அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். டீச்சர் கொஞ்ச நாள் விடுப்பில் இருந்தார், பிறகு தாமல் பக்கம் மாற்றல். தானே கேட்டு வாங்கியது என்கிறார்கள். சக்கரவர்த்தி வாலாஜாபாத் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு தாமலுக்கே குடிபோனார். எல்லாம் தெரிந்து போனாரா, தெரியாமல் போனாரா? டீச்சரும் வடிவும் வேறு வேறு மரத்தடியில் மாத்திரையை விடாமல் வாங்கினார்கள். இரண்டு பேருக்கும் குணமாகிவிட்டது. அர்ஜுனனே கடைசியாகப் பார்த்து, போதும் என்று நிறுத்தியிருக்கிறார்.

தாமலுக்கும் போனேன். மறைக்கவில்லை. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தார். அவரா என்று கேட்கவில்லை. போய்க் கேட்டிருந்தால், ஒருவேளை பதில் சொல்லியிருப்பார். எட்டு வருஷமாக மூடிவைத்ததை ஒரு மலருக்காகத் திறக்கச் சொல்வதா? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

10

வடிவு என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தாள். இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயசு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்து விற்பனைக் கூடத்தில் வேலை. விரித்துக் காட்டிய புடவைகளை மறுபடி மடித்துவைக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் முகம் வெளுத்தது. முதலில் கதவுப் பக்கம் பார்த்தாள், வேறு யாருக்காவது கேட்டதா என்று.

"எங்க அத்தைக்கே தெரியாதுக்கா. எனக்கு இப்ப மாப்ள பாக்கறாங்க."

"பேரெல்லாம் மாத்திட்டேன்மா. ஊர் பேரும் இல்ல."

"மாத்தினா தெரியாதா?"

"தெரியாது" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. ஆனால் ரொம்ப நாளாக யாராவது கேட்க வேண்டுமென்று இருந்திருக்க வேண்டும். மடித்துக்கொண்டே சொன்னாள். ரோட்டில் பேசியது, சைக்கிள், அம்மா பையைக் கொட்டியது, எல்லாம்.

"ஏன் உன்துன்னு சொன்ன?"

"டீச்சர் போயிட்டாங்கன்னா அப்பறம் யாருக்கா என்ன உள்ள உடுவாங்க? அவங்க இருந்தாத்தானே நான் பள்ளிக்கூடம் போவ முடியும்? அத்தான் நெனச்சேன். பெருசா ஒண்ணும் நெனைக்கல."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "தலைவர் டீச்சர்கிட்ட நீ என்னா சொல்றன்னு கேட்டாரே. டீச்சர் என்ன சொன்னாங்க?"

வடிவு கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"எல்லாரும் அதான் கேப்பாங்க போல. அர்ஜுனன் சாரும் ஒருவாட்டி கேட்டாரு. டீச்சர் பேசினாங்களா, பேசலியான்னு." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் சொல்ல மாட்டேன்க்கா. அது அவங்குளுது. நான் உங்களுக்கு வேற ஒண்ணு சொல்றேன், வேணும்னா எழுதிக்கோங்க. கூட்டம் ஆரம்பிச்சதுலேருந்து நான் நடுவுல நின்னுக்கினே இருந்தேன். எவ்ளோ நேரமோ தெரியல. கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. கீழ உழுந்துடுவேன்னு பயம். எங்க அப்பா இருந்தாரு, அம்மா இருந்தாங்க, தலைவரு, டீச்சர், அவ்ளோ பேரு. ஒட்டும், ஒட்டாது, வெச்சிக்கலாம், நிறுத்திடலாம்னு எல்லாரும் என்னப்பத்தியேதான் பேசறாங்க. உக்காரும்மான்னு ஒருத்தர் சொல்லல."

வாடிக்கையாளர் யாரோ படியேறி வந்தார்கள். வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, என்னா கலர்ல பாக்கறீங்க?" என்று போய்விட்டாள்.

துணையாசிரியர் இன்று காலை மறுபடி ஃபோன் செய்தார். கதை தயார், முடிவு மட்டும் இல்லை என்றேன். "முடிவு இல்லாம எப்படிம்மா?" என்றார். அதனால் உங்களிடம் கொடுக்கிறேன். மேலே மூன்று இருக்கிறது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நாலாவது ஒன்றை எழுதுங்கள். டீச்சரைப் பேசவைப்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கலாம், எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, உங்களுக்கு இன்னும் அதிகமாகக்கூட ஆகலாம். ஆனால் நீங்கள் யோசிக்கிற அவ்வளவு நேரமும் அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.